கையால் கற்கும் படிப்பில் சேருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நோயாளியின் இரத்த நாளத்தில் ஊசி ஏற்றுவது, எக்ஸ்ரே எடுப்பது, இரத்த மாதிரியைப் பரிசோதிப்பது, மின்சுற்றில் பழுதைக் கண்டுபிடிப்பது, உலோகத்தைப் பற்றவைப்பது, குளிர்பதனக் கருவியைச் சீர்செய்வது என்று எத்தனையோ வேலைகளுக்குக் கல்லூரிகளில் தொழிற்படிப்புகள் இருக்கின்றன. சில மாதங்களில் முடிவதும் உண்டு, சில ஆண்டுகள் நீள்வதும் உண்டு. சேர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கட்டணம், பாடத்திட்டம், சான்றிதழ் ஆகியவற்றை விசாரித்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் படிப்புகளில் ஒருவரைத் தேர்ந்த கையாக மாற்றுவது ஒன்றே ஒன்றுதான்: கருவியை நீங்களே எடுத்து, திரும்பத் திரும்பச் செய்து, அருகில் ஒருவர் நின்று பார்த்துத் திருத்துகிற நேரம். அந்த நேரம் எங்கே கிடைக்கும், கிடைத்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் தொழில்திறனை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றைப் பற்றி அறிந்திருப்பது முதல் படி. அதை எப்படிச் செய்வதென்று சொல்லத் தெரிவது இரண்டாவது. செய்து காட்டுவது மூன்றாவது. பணியிடத்தில், யாரும் தேர்வு வைக்காத ஒரு சாதாரண நாளில், அதைச் சரியாகச் செய்வது நான்காவது. எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். தொழிற்படிப்பின் பயன் மூன்றிலும் நான்கிலும் இருக்கிறது. ஒரு கல்லூரியை எடைபோடும்போதும், உங்கள் முன்னேற்றத்தை நீங்களே அளக்கும்போதும் இந்தப் படிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறையைத் தேர்வதற்கு முன்

படிப்பின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் படிப்பை முடித்தவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை ஒருநாளாவது போய்ப் பாருங்கள். பரிசோதனைக்கூட நுட்பர் நோயாளியிடம் பேசும் நேரம் குறைவு. மாதிரிக் குழாய்களோடும் கருவிகளோடும் இருக்கும் நேரமே அதிகம். செவிலியப் பணியில் நாள் முழுவதும் மனிதர்கள், அவர்களின் வலி, அவர்களின் உறவினர்கள். பற்றவைப்பவர் பலமணிநேரம் குனிந்தோ மண்டியிட்டோ வேலைசெய்கிறார். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நுட்பரின் வேலை சுகாதாரத் துறைக்கும் மின்னணுத் துறைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டிலும் ஆர்வமுள்ளவர்கள் அந்தத் துறையை ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது. பலருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

உடல் சார்ந்த சில விஷயங்களை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு இருந்தால், கம்பிகளின் நிறத்தை நம்பிச் செய்யும் மின்வேலையிலும், நிறமாற்றத்தைப் பார்த்து முடிவு சொல்லும் சில பரிசோதனைகளிலும் சிரமம் வரும். ரப்பர் கையுறைக்கு ஒவ்வாமை, முதுகுவலி, இரவுப்பணி ஒத்துக்கொள்ளாமை ஆகியவற்றையும் யோசியுங்கள். இவற்றில் பலவற்றுக்கு மாற்றுவழி உண்டு; லேட்டெக்ஸ் இல்லாத கையுறைகள் எளிதாகக் கிடைக்கின்றன. சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்திருந்தால் மாற்று ஏற்பாடு கேட்க முடியும். இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்பதற்காக மட்டும் சுகாதாரத் துறையை விட்டுவிடாதீர்கள். பலருக்கு அது பழகப் பழகப் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. இந்த வேலையைச் செய்ய உரிமமோ பதிவோ தேவையா? தேவை என்றால், அதை வழங்கும் அமைப்பு இந்தக் கல்லூரியின் இந்தப் படிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறதா? பதிலைக் கல்லூரியின் விளம்பரத்தில் தேடாதீர்கள். அந்த அமைப்பிடமே நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அங்கீகாரம் கல்லூரிக்கு இருந்தும் குறிப்பிட்ட படிப்புக்கு இல்லாமல் போகலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது

வேலைநாளில் போங்கள். மாணவர்கள் பணிமனையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அறிமுக நாளில் எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும்.

உள்ளே போனதும் கருவிகளைப் பாருங்கள். கடைசல் (லேத்) இயந்திரத்தின் அடியில் உலோகச் சுருள்கள் கிடக்கின்றனவா, பற்றவைப்பு அறையில் வெட்டிப் பார்த்த துண்டுகள் குவிந்திருக்கின்றனவா, பயிற்சிக்கான செயற்கைக் கையில் ஊசி குத்திய தடங்கள் தெரிகின்றனவா? இவையெல்லாம் நல்ல அடையாளங்கள். உறை பிரிக்காத புத்தம்புதுக் கருவியைப் பெருமையாகக் காட்டினால், அதை மாணவர்கள் எந்தக் கிழமையில் தொடுகிறார்கள் என்று கேளுங்கள். பத்தாண்டுப் பழைய இயந்திரம் தினமும் ஓடுகிற கல்லூரி, பூட்டிய அறையில் புது இயந்திரம் வைத்திருக்கும் கல்லூரியைவிட எவ்வளவோ மேல்.

பிறகு கேட்க வேண்டியவை. ஒரு கருவிக்கு ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள்? இதற்கு வரும் பதில்தான் மிக முக்கியம். பன்னிரண்டு பேர் சூழ்ந்து நிற்க ஒருவர் செய்தால், இரண்டுமணி நேர வகுப்பில் உங்கள் பங்கு பத்து நிமிடம். ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் எத்தனை பேர் என்பதையும் தனியாகக் கேளுங்கள். கருவி தாராளமாக இருந்து, பார்த்துத் திருத்த ஆள் இல்லாவிட்டால் தவறான பழக்கம் கையில் படிந்துவிடும். அதைப் பிறகு மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

நுகர்பொருள்களைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. மின்முனைக் குச்சி, உலோகத் தகடு, ஊசி, கையுறை, மாதிரிக் குழாய், வேதிப்பொருள் ஆகியவை பயிற்சியில் தீர்ந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு யார் பணம் தருகிறார்கள், ஒரு மாணவருக்கு அளவு உண்டா என்று கேளுங்கள். பயிற்சி சிக்கனப்படுத்தப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

சுகாதாரப் படிப்பு என்றால் மருத்துவமனைப் பணிப்பயிற்சியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க வேண்டும். எந்த மருத்துவமனை, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கிறதா, எந்தெந்தப் பிரிவுகளில் எத்தனை வாரங்கள், அங்கே உங்களைக் கண்காணிப்பவர் கல்லூரி ஆசிரியரா மருத்துவமனை ஊழியரா? தொழில்நுட்பப் படிப்புக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மருத்துவமனைக்குப் பதில் தொழிற்சாலை. கடைசியாக, இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். "கடந்த வாரம் உங்கள் கையால் என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சட்டென்று சொல்கிறாரா, யோசிக்கிறாரா என்பதிலேயே பாதி விவரம் கிடைத்துவிடும்.

வகுப்பு தொடங்கும் முன்

சுகாதாரப் படிப்பில் சேருகிறவர்கள் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியை முன்பே போட்டிராவிட்டால் இப்போதே தொடங்க வேண்டும். வழக்கமான முறையில் மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் மூன்றாவது. எதிர்ப்புசக்தி உருவாகிவிட்டதா என்பதைக் கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். சேர்ந்த பிறகு தொடங்கினால், வார்டுக்குப் போகும் நேரத்தில் பாதுகாப்பு முழுமையாக இருக்காது.

அடுத்தது கணக்கு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையில் நல்ல லாவகம் உள்ள மாணவர்கள்கூட எளிய கணக்கில் தடுமாறிப் பின்தங்கிவிடுகிறார்கள். தேவைப்படுவது உயர்கணிதம் கிடையாது. விகிதமும் தசமப் புள்ளியும் அலகு மாற்றமும் போதும். எடுத்துக்காட்டாக, மருந்துப் புட்டியில் 5 மி.லி.யில் 250 மி.கி. என்று இருக்கிறது, நோயாளிக்கு 400 மி.கி. தர வேண்டும். ஒரு மி.லி.யில் 50 மி.கி. என்றால், தேவை 8 மி.லி. இன்னொன்று: 1000 மி.லி. திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாய் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடுகிறது. மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. இத்தகைய கணக்குகளைத் தினமும் பத்து போட்டுப் பழகுங்கள். எழுதும்போது .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள், 5.0 என்று எழுதாமல் 5 என்று எழுதுங்கள். முதல் வகையில் புள்ளி கண்ணில் படாமல் போனால் மருந்து பத்து மடங்கு கூடிவிடும், இரண்டாவதிலும் அப்படித்தான்.

தொழில்நுட்பப் பக்கத்திலும் இதே கதைதான். வெர்னியர் அளவி 0.02 மி.மீ. வரையும், மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரையும் காட்டும். அந்த நுட்பத்தில் வெப்பமும் கணக்கில் வந்துவிடும். 100 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் துண்டைக் கடைந்த சூட்டோடு அளந்தால், அது அறை வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதலாக இருக்கும்போது ஏறத்தாழ 0.036 மி.மீ. பெரிதாகத் தெரியும். அதை நம்பி மேலும் கடைந்துவிட்டால் ஆறிய பிறகு அளவு குறைந்துபோகும். அளவு எடுக்கும் முன் துண்டு ஆறட்டும். ஓம் விதி, பின்னங்கள், வரைபடம் படிப்பது ஆகியவற்றில் ஒரு மாதம் முன்கூட்டியே கைவைத்திருந்தால் முதல் பருவம் எளிதாக இருக்கும்.

முதல் வாரங்கள்: பாதுகாப்பு

பாதுகாப்பு வகுப்பைப் பலர் சடங்காக எண்ணிக் கடத்திவிடுகிறார்கள். விதியை மனப்பாடம் செய்தால் அவசரத்தில் மறந்துபோகும். அதன் காரணம் தெரிந்திருந்தால் மறக்காது.

கடைசல் இயந்திரத்தில் கையுறை போடக்கூடாது. சுழலும் பாகம் துணியைப் பற்றினால் விரலோடு கையையும் இழுத்துவிடும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்துத் துணி, விரித்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே காரணம். பற்றவைக்கும்போதோ கையுறை கட்டாயம், அதுவும் தோல் கையுறை. அங்கே செயற்கை இழை உடை ஆபத்து. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கடைசல் இயந்திரத்தில் துண்டைப் பிடித்திருக்கும் சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டு ஒரு நொடிகூட நகராதீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்கினால் அந்தச் சாவி பறந்து வரும். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பற்றவைப்பு ஒளியை வெறும் கண்ணால் பார்த்தால் உடனே எதுவும் தெரியாது. பலமணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல வலி எடுக்கும். அப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்பாக இருந்ததற்குச் சான்றாகாது.

மின்வேலையில் ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கையில் ஏற்றுங்கள். இணைப்பைத் துண்டித்து, வேறு யாரும் திறக்காதபடி உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். பிறகு சோதனைக் கருவியை மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்து அது வேலைசெய்கிறதா என்று பாருங்கள். அடுத்து நீங்கள் தொடப்போகும் இடத்தில் சோதியுங்கள். மீண்டும் முதலிடத்துக்கு வந்து கருவி இன்னும் வேலைசெய்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் கருவியின் மின்கலம் தீர்ந்திருந்தாலும் அது மின்சாரம் இல்லை என்றே காட்டும். மின்தேக்கிகள் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியைத் திறக்கும் மருத்துவக் கருவி நுட்பருக்கு இது உயிர்ப்பிரச்சினை. குளிர்பதனக் குழாயில் கசிவு பார்க்க அழுத்தம் ஏற்றும்போது நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜனை ஏற்றினால் அது உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

சுகாதாரத் துறையில் பாதுகாப்பு கைகழுவுவதில் தொடங்குகிறது. வியன்னாவின் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல், பிரசவ வார்டுக்குள் வருகிற மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், தூய்மையாகச் செய்ய வேண்டிய செயலுக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். சோப்பும் தண்ணீரும் என்றால் முழுச் செயலும் 40 முதல் 60 நொடி. ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி. கட்டைவிரலும் விரல்நுனிகளும்தான் அடிக்கடி விடுபடும் இடங்கள்.

பயன்படுத்திய ஊசிக்கு இரு கைகளாலும் மூடி போடாதீர்கள். ஊசி கையில் குத்திவிடும் நொடிகளில் அதுவும் ஒன்று. கூர்பொருள் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றப்பட வேண்டும். ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டு விழும் என்று மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் உடலுக்குத்தான் நட்டம்.

கதிரியக்கப் பிரிவில் குறைந்த நேரம், கூடுதல் தூரம், நடுவில் தடுப்பு என்ற மூன்றையும் நினைவில் வையுங்கள். கதிர்மூலத்திலிருந்து இரு மடங்கு தள்ளி நின்றால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எம்.ஆர்.ஐ. அறையில் படம் எடுக்காதபோதும் காந்தம் வேலைசெய்துகொண்டே இருக்கும். இரும்பு ஆக்சிஜன் உருளையை அறைக்குள் கொண்டுபோனால் அது பாய்ந்துபோய் இயந்திரத்தின் குழலில் மோதும். நடுவில் இருப்பவர் உயிர் போகலாம்.

ஒரு திறனைக் கையில் ஏற்றும் முறை

அறுவை மருத்துவர் ராட்னி பெய்ட்டன் பயிற்றுநர்களுக்காக வகுத்த நான்கு படி முறை ஒன்று இருக்கிறது. முதலில் பயிற்றுநர் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவார். இரண்டாவது முறை ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார். மூன்றாவது முறை நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்வார். நான்காவது முறை நீங்களே சொல்லிக்கொண்டே செய்வீர்கள். மூன்றாவது படியில்தான் உங்கள் மனத்தில் எந்தக் கட்டம் காணாமல் போயிருக்கிறது என்பது வெளிப்படும். உங்கள் கல்லூரியில் இந்த முறை இல்லாவிட்டால் நண்பர் ஒருவரோடு நீங்களே செய்துகொள்ளலாம்: நீங்கள் சொல்லுங்கள், அவர் சொன்னதை மட்டும் செய்யட்டும்.

இரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றும். சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. ருஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ் 1905இல் விவரித்த ஒலிகளைத்தான் இன்றும் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிறோம். நோயாளி முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கை தொங்கினால் அளவு கூடிக் காட்டும். கையில் சுற்றும் பட்டை சிறிதாக இருந்தாலும் கூடிக் காட்டும், மிகப் பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றேற்றுங்கள். நாடி மறைந்த இடத்திலிருந்து மேலும் 20 அல்லது 30 மி.மீ. (பாதரச அளவில்) ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்குங்கள். முதல் ஒலி மேல் அளவு, ஒலி மறையும் இடம் கீழ் அளவு. கேட்டதை அப்படியே எழுதுங்கள். 136 என்று கேட்டதை 140 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு, அதனால் ஒருவருக்குத் தேவையில்லாத மருந்து தொடங்கப்படலாம். பயிற்சியின்போது இரண்டு பேர் கேட்கும்படியான இரட்டை ஸ்டெதஸ்கோப் இருந்தால் பயிற்றுநரோடு சேர்ந்து கேட்டு, இருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். காது பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரத்தம் எடுப்பதில் குழாய்களின் வரிசையும் அப்படி ஒரு விஷயம். நுண்ணுயிர் வளர்ப்புக்கான புட்டி முதலில், பிறகு சிட்ரேட் கலந்த நீலக் குழாய், பிறகு சீரம் குழாய், ஹெப்பாரின் கலந்த பச்சை, இ.டி.டி.ஏ. கலந்த ஊதா, கடைசியில் சாம்பல் நிறம். நிறங்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஊதாக் குழாயில் இருப்பது பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். அதன் துளி சீரம் குழாயில் கலந்தால் பொட்டாசியம் கூடியதாகவும் கால்சியம் குறைந்ததாகவும் அறிக்கை வரும். அதைப் பார்க்கும் மருத்துவர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கக்கூடும். இரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள். பெயர்ச்சீட்டை நோயாளியின் அருகிலேயே, குழாய் நிரம்பிய பிறகு ஒட்டுங்கள்.

பற்றவைப்பில் புதியவர்கள் ஒளியைப் பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உருகி நிற்கும் உலோகக் குட்டையை. மின்னோட்டம், குச்சிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, நகரும் வேகம், கோணம் என்ற நான்கில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் சாக்பீஸால் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இடைவெளி கூடினால் பொறி சிதறி இணைப்பில் துளைகள் விழும். வேகமாக நகர்ந்தால் கோடு மெலிந்துவிடும். வெளியே அழகாக இருக்கும் இணைப்பை அறுத்து, வளைத்து, உள்ளே பாருங்கள். மேலே பளபளத்து உள்ளே பிடிக்காத இணைப்புகள் நிறைய உண்டு.

இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆர். பயிற்சிக்குப் பொம்மைகள் 1960 முதல் இருக்கின்றன. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதும் மேலெழ விட வேண்டும். ஆழத்தைக் காட்டும் பொம்மை கிடைத்தால் விடாதீர்கள். தாங்கள் அழுத்தும் ஆழம் பற்றி மனிதர்கள் கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது.

பணியிடத்தில் முதல் நாள்

நோயாளியிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், மாணவர் என்பதையும் சொல்லுங்கள். அவர் மறுத்தால் மறுப்பை மதித்து விலகுங்கள். பெரும்பாலானவர்கள் அனுமதிப்பார்கள். எதைச் செய்யும் முன்னும் இரண்டு அடையாளங்களைச் சரிபாருங்கள், பெரும்பாலும் முழுப்பெயரும் பிறந்த தேதியும். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்காதீர்கள். காது மந்தமானவரும் மயக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையசைப்பார்கள். "உங்கள் முழுப்பெயர் என்ன?" என்று கேளுங்கள். வார்டிலோ தொழிற்சாலையிலோ அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.

கற்றுத்தராத ஒன்றைத் தனியாகச் செய்யச் சொன்னால், "இதைப் பயிற்சியில் இன்னும் செய்யவில்லை. நீங்கள் அருகில் நின்றால் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். மூத்தவர் அவசரத்தில் இருக்கும்போது இதைச் சொல்வது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல மூத்தவர்கள் இப்படிச் சொல்லும் மாணவரைத்தான் நம்புவார்கள்.

நோயாளியின் நிலை மாறினால் தகவல் சொல்லும் முறைக்கும் ஒழுங்கு வேண்டும். இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, நீங்கள் என்ன கவனித்தீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்ற வரிசையில் சொன்னால் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் அரை நிமிடத்தில் முடிவெடுக்க முடியும். இயந்திரப் பழுதைப் பணிமாற்ற நேரத்தில் அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போதும் இதே வரிசை உதவும்.

பயிற்சிப் பதிவேட்டை அன்றன்றே எழுதி அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். வாரக் கடைசியில் வாங்கலாம் என்று வைத்தால் கண்காணிப்பாளருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது. "ஊசி போட்டேன்" என்று எழுதுவதோடு நிற்காமல் எந்த முறை, யார் பார்த்தார், என்ன திருத்தினார் என்பதையும் ஒருவரியில் சேருங்கள். மாதக் கடைசியில் புரட்டும்போது ஒரே திருத்தம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தெரியும். அடுத்த மாதம் அதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

தொழிற்பழகுநராகச் சேருகிறவர்கள் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கேளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் ஏற்ற 208ஆவது பரிந்துரை எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் போதுமான ஊதியமும் வேண்டும் என்கிறது. அதை உங்கள் நாட்டுச் சட்டம் எப்படி ஏற்றிருக்கிறது என்று பாருங்கள். தரையைப் பெருக்குவதும் பணிமனையின் வேலைதான். நாள் முழுவதும் அது மட்டுமே என்றால் கல்லூரிப் பயிற்சிப் பொறுப்பாளரிடம் பதிவேட்டோடு போய்ப் பேசுங்கள்.

செய்முறைத் தேர்வு

சுகாதாரப் படிப்புகளில் பல மேஜைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஒரு திறனைச் செய்து காட்டும் தேர்வு பரவலாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டன் 1975இல் இதை அறிமுகப்படுத்தினார். ஒரே தேர்வாளரின் மனநிலையைப் பொறுத்து மதிப்பெண் மாறக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை மேஜைகளும் இத்தனை தேர்வாளர்களும். மேஜையில் உள்ள அட்டையை இருமுறை படியுங்கள். செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் மனத்துக்குள் சரிபார்த்ததற்கு மதிப்பெண் தர முடியாது. ஒரு மேஜையில் தவறிவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போங்கள். தொழில்நுட்பத் தேர்வில் வரைபடத்தில் உள்ள அனுமதிக்கப்பட்ட விலகலை முதலில் குறித்துக்கொண்டு, எந்த அளவு மிக இறுக்கமோ அதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். முடித்ததும் மேஜையைச் சுத்தம் செய்யுங்கள், பல இடங்களில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

படிப்பு முடிந்ததும் பதிவேடு, தடுப்பூசிச் சான்று, பயிற்சியிட ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மூடப்படலாம், ஆவணம் தொலையலாம். வேறு ஊரில் உரிமம் கேட்கும்போது ஒவ்வொரு பயிற்சி மணிக்கும் சான்று கேட்பார்கள். சி.பி.ஆர். போன்ற சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைப் பார்த்து வையுங்கள். முதல் வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தோடு சேர்த்து, தொடக்க மாதங்களில் உங்களைக் கண்காணிப்பவர் யார் என்று பெயர் கேட்டு வாங்குங்கள். யாரும் இல்லை, வந்த நாளிலிருந்தே தனியாகச் செய்ய வேண்டும் என்று பதில் வந்தால், வேறு இடம் பார்க்க வழியிருக்கும்வரை அந்த வேலையை ஏற்காதீர்கள்.